பட்டியலில் முதல் பெயர் யாருடையது? மரபணுத் தேடலும் காவிரிக் கடைமடையும்

2022 ஜூலை 3 அன்று காரைக்காலில் பொதுச் சுகாதார அவசர நிலையைப் புதுச்சேரி சுகாதாரத் துறை அறிவித்தது. அதற்கு முந்தைய சில வாரங்களில் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று ஏறக்குறைய 700 பேர் மருத்துவமனைக்கு வந்திருந்தார்கள். சிலருடைய மாதிரிகளில் காலரா உறுதியாகியிருந்தது. பள்ளி, கல்லூரிகளுக்கு மூன்று நாள் விடுமுறை விட்டார்கள். ஓட்டல்களிலும் விடுதிகளிலும் கொதிக்கவைத்த தண்ணீரைத்தான் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஒரு பக்கம் மயிலாடுதுறை மாவட்டம், இன்னொரு பக்கம் நாகப்பட்டினம் மாவட்டம், கிழக்கே வங்கக் கடல். இந்த நடுத்துண்டில் 2011 கணக்கெடுப்பின்படி இரண்டு லட்சம் பேர் வசிக்கிறார்கள். கடைமடைப் பகுதிக்குக் காலரா புதிதல்ல. ஆனாலும் 21ஆம் நூற்றாண்டில், மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊரில் இந்த நோயின் பெயர் செய்தித்தாளில் வந்தபோது பலருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

காலராவைக் கண்டுபிடிக்கும் வழி ஆய்வகங்களுக்கு நன்றாகப் பழகியது. மலத்தில் தோய்த்த பஞ்சுக்குச்சியை டி.சி.பி.எஸ். என்ற பச்சை நிற ஊடகத் தட்டில் இழுத்து ஓரிரவு வெதுவெதுப்பில் வைத்தால், விப்ரியோ காலரே மஞ்சள் மஞ்சளாகப் பொட்டு வைத்ததுபோல் வளர்ந்து நிற்கும். அந்தப் பொட்டிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் ஓ-1 எதிர்ச்சீரத்தோடு கலக்கும்போது துணுக்குத் துணுக்காகத் திரண்டால் காலராதான். சிகிச்சையைத் தொடங்க இவ்வளவு போதும். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர்தான் முதல் மருந்து. அதற்குக் கிருமியின் பூர்வீகம் தேவையில்லை.

பூர்வீகம் தேவைப்படுவது அடுத்த கேள்விக்கு. இது இங்கேயே தங்கியிருந்த கிருமியா, வெளியிலிருந்து வந்ததா? வந்ததென்றால் எந்தக் கால்வழி? மஞ்சள் பொட்டைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. கிருமியின் டி.என்.ஏ.வை ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்தாகப் படித்து, உலகம் இதுவரை சேர்த்துவைத்திருக்கும் வரிசைகளோடு ஒப்பிட வேண்டும். விப்ரியோ காலரேயின் முழு மரபணுத் தொகுதி 2000இல் முதன்முதலாக வெளியானது. இரண்டு குரோமோசோம்களில் சுமார் 40 லட்சம் எழுத்துகள். அதை வைத்துக்கொண்டு தேடுவது எப்படி என்பதும், தேடிக் கிடைத்த விடையை எவ்வளவு நம்பலாம் என்பதும்தான் இந்தத் துறையின் மையக் கேள்வி. முதல் பாதி பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. இரண்டாம் பாதி இன்னும் தீரவில்லை.

இரண்டு வரிசைகளை ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து, எழுத்துக்கு எழுத்து சேர்ந்தால் மதிப்பெண் கூட்டி, சேராத இடத்திலும் இடைவெளி விழும் இடத்திலும் கழித்து, மிக நல்ல பொருத்தத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கை 1970இல் நீடில்மனும் உன்ஷும் கொடுத்தார்கள். முழு வரிசையையும் பொருத்தாமல், ஒத்துப்போகும் பகுதியை மட்டும் பிடிக்கும் முறையை 1981இல் ஸ்மித்தும் வாட்டர்மனும் கொடுத்தார்கள். இரண்டும் துல்லியமானவை. இரண்டும் மெதுவானவை. ஜென்பேங்க் தரவுத்தளத்தில் 1982 டிசம்பரில் இருந்தவை மொத்தமே 606 வரிசைகள், 6,80,338 எழுத்துகள். அந்த அளவுக்கு மெதுவான கணக்கும் ஓடும். இன்று அங்கே இருப்பது பல லட்சம் கோடி எழுத்துகள்.

தேடினால் என்ன கிடைக்கும் என்பதை உலகம் 1983இல் கண்டது. குரங்குகளுக்குப் புற்றுநோய் தரும் வைரஸ் ஒன்றின் மரபணுவும், நம் ரத்தத் தட்டணுக்களிலிருந்து வெளிப்பட்டுக் காயத்தை ஆற்றும் வளர்ச்சிக் காரணியும் ஏறக்குறைய ஒரே புரதம் என்று தெரியவந்தது. ரஸல் டூலிட்டில் குழுவினர் இதைக் கண்டது சோதனைக்குழாயில் அல்ல. கணினியில் வரிசைகளை ஒப்பிட்டுப் பார்த்துத்தான். அதன்பின் புது மரபணுவைப் படித்தவர் முதலில் செய்யும் வேலை தேடல் என்று ஆகிவிட்டது.

அந்த வேலையை எல்லோர் கைக்கும் கொண்டுவந்தது பிளாஸ்ட். 1990இல் ஆல்ட்சுல், கிஷ், மில்லர், மையர்ஸ், லிப்மன் ஐவரும் வெளியிட்ட நிரல் இது. அது செய்யும் தந்திரத்தைக் காலராவை வைத்தே பார்க்கலாம். காலரா நச்சின் ஒரு பாதியை உண்டாக்கும் சி.டி.எக்ஸ்-பி மரபணுவின் நீளம் 375 எழுத்து. பிளாஸ்ட் இதைப் பதினோரு எழுத்துத் துண்டுகளாக, ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து வெட்டும். 365 துண்டுகள் வரும். அவற்றில் ஏதாவது ஒன்று தரவுத்தளத்தில் அச்சு அசலாக எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்கும். அகப்பட்ட இடத்தில் மட்டும் நின்று, இரு பக்கமும் எழுத்தெழுத்தாக விரித்துக்கொண்டே போகும். மதிப்பெண் ஏறும்வரை விரிக்கும்; ஓரளவுக்கு மேல் சரிந்தால் விட்டுவிடும். மீதி இடங்களை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. வேகம் அங்கேதான் கிடைக்கிறது. அரிதாகச் சில நல்ல உறவுகள் கண்ணில் படாமல் நழுவுவதும் அங்கேதான்.

சி.டி.எக்ஸ்-பி வரிசையைப் போட்டுத் தேடினால் திரை நிறைய விடை வரும். நூற்றுக்கு நூறு, 99.73 சதவீதம், மறுபடி 99.73. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றே. ஆனால் அந்த 0.27 சதவீதம் என்பது 375இல் ஒரே ஓர் எழுத்து. 58ஆவது இடத்தில் சி இருக்க வேண்டிய இடத்தில் ஏ இருந்தால், புரதத்தின் 20ஆவது அமினோ அமிலம் ஹிஸ்டிடினுக்குப் பதில் அஸ்பராஜினாக மாறுகிறது. மாறுவது நச்சின் உடம்பில்கூட இல்லை. செல்லைவிட்டு வெளியேறும்போது வெட்டி எறியப்படும் தலைப்பகுதியில். ஆனாலும் அந்த எழுத்துதான் கால்வழியின் முத்திரை. இந்த வகையைச் சி.டி.எக்ஸ்-பி 7 என்கிறார்கள்.

இதற்கு இன்னொரு பெயரும் உண்டு: ஹெய்ட்டி வகை. கரீபியன் கடலில் உள்ள ஹெய்ட்டியில் 2010 அக்டோபரில் காலரா வெடித்தது; எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் படுக்கவைத்து, ஏறக்குறைய பத்தாயிரம் பேரைக் கொன்றது. நேபாளத்திலிருந்து போன ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்ததால்தான் நோய் வந்தது என்று மக்கள் சொன்னார்கள், ஐ.நா. நெடுநாள் ஒப்புக்கொள்ளவில்லை. 2011இல் நேபாளத்தின் 24 கிருமி மாதிரிகளை ஹெய்ட்டி மாதிரிகளோடு முழு மரபணுத் தொகுதி அளவில் ஒப்பிட்டபோது, சில இணைகளுக்கு இடையே ஓரிரண்டு எழுத்து வித்தியாசமே இருந்தது. 2016 டிசம்பரில் ஐ.நா. பொதுச்செயலர் பான் கி மூன் ஹெய்ட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். நாற்பது லட்சம் எழுத்தில் ஓரிரண்டு என்பது அரசியலில் இவ்வளவு கனம் பெற்ற சந்தர்ப்பம் வேறு அதிகமில்லை.

பெயர் மட்டும் தப்பாக ஒட்டிக்கொண்டது. சேமிப்பில் இருந்த பழைய மாதிரிகளை எடுத்துப் படித்தபோது, அதே 58ஆவது எழுத்து மாற்றம் 2006இலேயே கொல்கத்தாவில் இருந்தது தெரிந்தது. 2007இல் ஒடிசாவிலும் இருந்தது. வங்கக் கடற்கரையில் பிறந்த கிருமிக்கு ஹெய்ட்டி பெயர் வைத்தாகிவிட்டது, ஏனென்றால் உலகின் கவனம் அங்கே இருந்தது. 154 காலரா மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு 2011இல் வெளியான ஆய்வு ஒன்று, இப்போது நடக்கும் ஏழாவது உலகப் பரவல் மூன்று அலைகளாக வெளியேறியது என்றும், மூன்றுக்கும் ஊற்று வங்கக் கடற்பகுதி என்றும் சொன்னது. ஊற்றில் இருப்பவர்கள் தங்கள் கிருமியைப் படித்துச் சேர்க்கவில்லையென்றால் அது வேறொருவர் பெயரில்தான் பட்டியலேறும்.

பட்டியலில் இல்லாத ஒன்று வந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 1992 இறுதியில் அங்கே காலரா போலவே தோன்றிய ஒரு நோய் பரவியது, பெரியவர்களையும் விட்டுவைக்கவில்லை. கிருமி விப்ரியோ காலரேதான். ஆனால் ஓ-1 எதிர்ச்சீரத்தில் திரளவில்லை. அன்று உலகத்திடம் இருந்த 138 வகை எதிர்ச்சீரங்களில் எதிலுமே திரளவில்லை. 139ஆவது என்று புது எண் கொடுக்க வேண்டியதாயிற்று. அதுவரை ஓ-1 தவிர மற்றவை கொள்ளைநோய் உண்டாக்காது என்பதுதான் பாடம். சென்னை அந்தப் பாடத்தைத் திருத்தியது. பின்னாளில் வரிசைகளை ஒப்பிட்டபோது விஷயம் தெளிந்தது. இது ஓ-1இன் பழைய எல் டோர் வகைக் கிருமியேதான். மேற்பூச்சைத் தயாரிக்கும் மரபணுக் கொத்தை மட்டும் இன்னொரு விப்ரியோவிடமிருந்து வாங்கி மாற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கொத்து ஓ-22 என்ற வகையோடு நெருங்கிப் பொருந்தியது. எதிர்ச்சீரம் பார்த்தது சட்டையை. உள்ளே இருந்த ஆளை வரிசைதான் காட்டிக்கொடுத்தது.

இனி நம்பிக்கைக் கணக்கு. பிளாஸ்ட் ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ஈ-மதிப்பு என்று ஓர் எண் தரும். இந்த அளவுக்கு நல்ல பொருத்தம், இவ்வளவு பெரிய தரவுத்தளத்தில், வெறும் தற்செயலாக எத்தனை தடவை வரலாம் என்பதுதான் அதன் பொருள். பூச்சியத்தை ஒட்டியிருந்தால் நம்பலாம். ஒன்றோ பத்தோ என்றால் பேசாமல் கடந்துபோக வேண்டும்.

கடந்துபோகாமல் நின்றதால் வந்த வினை ஒன்றை 2020 ஜனவரி 31 அன்று இந்தியா பார்த்தது. புது கொரோனா வைரஸின் முள் புரதத்தில் நான்கு சிறு செருகல்கள் இருப்பதாகவும், அவை எச்.ஐ.வி. புரதங்களோடு விநோதமாக ஒத்துப்போவதாகவும் டெல்லி ஐ.ஐ.டி.யையும் டெல்லி பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றையும் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு முன்பதிப்பை இணையத்தில் ஏற்றினார்கள். உலகமே கொதித்தது. வைரஸ் ஆய்வகத்தில் செய்யப்பட்டது என்ற வதந்திக்கு அது நெய் வார்த்தது. இரண்டே நாளில் ஆசிரியர்களே அதைத் திரும்பப் பெற்றார்கள்.

தவறு எங்கே என்பதைத் தாளும் பேனாவும் வைத்துப் போட்டுப் பார்க்கலாம். அந்தச் செருகல்களில் இரண்டு ஆறே அமினோ அமில நீளம். அமினோ அமிலங்கள் இருபது. ஆறு இடத்தில் அவற்றை அடுக்கினால் 6.4 கோடி விதம் வரும். பெரிய எண்தான். ஆனால் அப்போது யூனிபிராட் தரவுத்தளத்தில் பதினேழு கோடிக்கும் மேற்பட்ட புரத வரிசைகள் இருந்தன. ஒன்றுக்கு முந்நூறு, முந்நூற்றைம்பது அமிலம் என்று வைத்தால் மொத்தம் ஆறாயிரம் கோடி இடம். ஆக எந்த ஆறெழுத்துத் துண்டை எடுத்தாலும் அது ஏறத்தாழ ஆயிரம் இடங்களில் தற்செயலாகவே தட்டுப்படும். எச்.ஐ.வி.யில் மட்டும் தேடினால் எச்.ஐ.வி. கிடைக்கும், பாக்டீரியாவில் தேடியிருந்தால் பாக்டீரியா கிடைத்திருக்கும். எச்.ஐ.வி.யின் வரிசைகள் ஜென்பேங்கில் மலைபோல் குவிந்திருப்பதும் சேர்ந்துகொண்டது.

அமெரிக்கர்களும் இதற்கு விலக்கல்ல. நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களின் இருக்கைகளையும் கைப்பிடிகளையும் துடைத்தெடுத்துப் படித்து, அங்கே பிளேக், ஆந்த்ராக்ஸ் கிருமிகளின் சுவடு இருப்பதாக 2015இல் ஒரு கட்டுரை வந்தது. நகரின் சுகாதாரத் துறை மறுத்தது. ஆய்வாளர்கள் பிறகு அந்தப் பகுதியைத் திருத்தினார்கள். சிறு துண்டுகள் தீங்கற்ற மண் கிருமிகளிலும் இருக்கக்கூடியவை. தரவுத்தளத்திலோ ஆபத்தான கிருமிகள்தான் அதிகமாகப் படிக்கப்பட்டிருக்கின்றன. அப்பாவிகளைப் படிக்க யார் பணம் தருவார்கள்? ஆகவே அருகில் இருப்பதாகத் தோன்றியது பிளேக்.

காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு வந்து நின்றதும் கூடையில் விழும் வெள்ளை வவ்வாலுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. மீனை அடையாளம் காண மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சி.ஓ.ஐ. மரபணுவின் சுமார் 650 எழுத்தைப் படித்தால் போதும் என்பது 2003இல் கனடாவின் பால் ஹீபர்ட் முன்வைத்த முறை. கடையில் பார்கோடு வருடுவதுபோல் என்று அதற்கு டி.என்.ஏ. பார்கோடு என்றே பெயர். லக்னோவில் உள்ள தேசிய மீன் மரபணு வள நிறுவனத்தார் 2011இல் இந்தியக் கடல் மீன்கள் 115 இனங்களுக்கு இந்த வரிசைகளை வெளியிட்டார்கள். தலையும் தோலும் போன துண்டுமீன், வெட்டி உலர்த்திய சுறாத் துடுப்பு, கருவாடு என்று வடிவம் தொலைந்தவற்றுக்கு இது பெரிய உதவி. 2001 முதல் சட்டப் பாதுகாப்பில் இருக்கும் அம்மணி உளுவை என்ற திமிங்கலச் சுறாவின் துடுப்பைச் சாதாரணச் சுறா என்று சொல்லித் தப்பிக்க இனி முடியாது.

ஆனால் வெள்ளை வவ்வாலை இந்திய ஆய்வகங்கள் பல ஆண்டுகளாகப் பாம்பஸ் அர்ஜென்டியஸ் என்ற பெயரில்தான் தரவுத்தளத்தில் சேர்த்துவந்தன. அந்தப் பெயரோ 1788இல் சீனக் கடல் மீனுக்கு வைத்தது. வரிசைகளை அருகருகே வைத்தபோது நம் மீன் தனி இனம் என்று தெரிந்தது. 1829இல் பிரெஞ்சு அறிஞர் குவியே வைத்து, பின்னர் கைவிடப்பட்ட கேண்டிடஸ் என்ற பெயரை 2019இல் இந்திய ஆய்வாளர்கள் தூசு தட்டி மீண்டும் எடுத்தார்கள். இன்று ஒரு மாணவி காரைக்கால் வவ்வாலைப் படித்துத் தேடினால், நூற்றுக்கு நூறு பொருத்தத்தோடு பழைய தப்புப் பெயரும் வந்து நிற்கக்கூடும். எழுத்து சரி, சீட்டு தப்பு. பிளாஸ்டுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அது சீட்டைப் படிப்பதில்லை, அப்படியே நீட்டிவிடுகிறது. கூடையைப் பார்த்தே கருப்பு வவ்வால் வவ்வாலே அல்ல, பாரை மீன் குடும்பம் என்று சொல்லிவிடும் மீன் வகைப்பாட்டாளர் ஒருவர் ஆய்வகத்தில் இருப்பது எவ்வளவு நல்லது என்பதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர்களுக்கான வேலையிடங்கள்தான் குறைந்துகொண்டு வருகின்றன.

சீட்டில் இன்னொரு சிக்கல், ஊர்ப் பெயர். வரிசையைச் சேர்ப்பவர் அதை எங்கே, எப்போது எடுத்தார் என்று குறிப்பிட வேண்டும் என்பதை உலகத் தரவுத்தளங்கள் அண்மை ஆண்டுகளில்தான் கட்டாயமாக்கின. காரைக்கால் மாதிரிக்கு இந்தியா, புதுச்சேரி என்று எழுதினால் நிர்வாகப்படி அது சரிதான். வரைபடம் போடும் நிரல் அந்தப் புள்ளியை ஏறக்குறைய 110 கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோய் வைக்கும். ஆந்திரத்துக்குள் இருக்கும் ஏனாமும் கேரளத்துக்குள் இருக்கும் மாஹேயும்கூடப் புதுச்சேரிதான். அரபிக் கடல் மீனும் வங்கக் கடல் மீனும் ஒரே ஊர்ச் சீட்டோடு உட்கார்ந்திருக்கும். காரைக்காலுக்குள் ஓடும் அரசலாறு கும்பகோணம் பக்கமிருந்து தமிழக ஊர்களைக் கடந்து வருகிறது. தண்ணீரில் வரும் கிருமியைத் தேடுபவருக்கு யூனியன் பிரதேச எல்லையைவிட அந்த ஆற்றின் பெயர் பயன்படும். அட்சரேகை, தீர்க்கரேகையை எழுத ஒரு நிமிடம் ஆகாது. எழுதாமல் விடப்பட்டவைதான் அதிகம்.

கருவிகளும் இதற்கிடையே மாறிவிட்டன. புரத வரிசைகளைப் பிளாஸ்டைவிடப் பல மடங்கு வேகமாகத் தேடும் டைமண்ட் 2015இல் வந்தது. முழு மரபணுத் தொகுதியையே சின்னக் குறியீட்டுத் தொகுப்பாகச் சுருக்கி ஒப்பிடும் மேஷ் 2016இல் வந்தது. எழுத்து ஒத்துப்போகாவிட்டாலும் புரதத்தின் முப்பரிமாண மடிப்பை வைத்து உறவு காணும் ஃபோல்ட்சீக் இப்போது பரவிவருகிறது. கொள்ளைநோய்க் காலத்தில் பிளாஸ்ட் விடையோடு யாரும் நிறுத்துவதில்லை. முழுத் தொகுதியையும் படித்து, மாறிய எழுத்துகளை மட்டும் எடுத்து வம்சவிருட்சம் வரைகிறார்கள். பட்டியலில் முதலில் நிற்பதுதான் நெருங்கிய உறவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை 2001இலேயே காஸ்கியும் கோல்டிங்கும் காட்டியிருந்தார்கள்.

இந்தியா இந்தத் துறைக்குத் தாமதமாக வந்தது என்று சொல்ல முடியாது. ஜென்பேங்க் தொடங்கி நாலைந்து ஆண்டுகளுக்குள், 1986-87இலேயே மத்திய அரசு உயிர்த் தொழில்நுட்பத் தகவல் வலையமைப்பை நிறுவியது. மதுரை காமராஜர் பல்கலைக்கழகம் அதன் தொடக்க கால மையங்களில் ஒன்று. ஆனால் இந்தியர் படித்த வரிசைகளை இந்தியாவிலேயே சேர்த்துவைக்கும் தேசியக் கிடங்கு ஃபரீதாபாத்தில் திறக்கப்பட்டது 2022 நவம்பரில்தான். தேடக் கற்றுக்கொண்டதற்கும் சேர்க்கத் தொடங்கியதற்கும் நடுவே முப்பத்தைந்து ஆண்டுகள்.

சேர்க்காத வரிசையின் விலையை நெல்லைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் கிடையாது. வடகிழக்குப் பருவமழையில் சம்பாப் பயிர் மூழ்குவது கடைமடைக்கு ஆண்டுதோறும் வரும் கவலை. சாதாரண நெல் மூழ்கினால் மூச்சுக்காக வேகமாக நீளும். இருப்பில் உள்ள மாவுச்சத்தைக் கரைத்துவிட்டு, தண்ணீர் வடிந்ததும் சாய்ந்துவிடும். ஒடிசாவின் நாட்டு ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13-ஏ அப்படி நீளாமல், அடக்கிக்கொண்டு இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும். அதற்குக் காரணமான சப்-1-ஏ மரபணுவை 2006இல் கெனோங் ஷு, டேவிட் மெக்கில் முதலானோர் அடையாளம் கண்டார்கள்.

அதற்கு ஓர் ஆண்டு முன்புதான், 2005இல், நெல்லின் முழு மரபணுத் தொகுதி வெளியாகியிருந்தது. பதினோராவது குரோமோசோமின் ஒரு பகுதியைப் படித்தது இந்தியக் குழு. ஆனால் படிக்க எடுத்துக்கொண்ட ரகம் நிப்பான்பாரே என்ற ஜப்பானிய நெல். அதில் சப்-1-பி உண்டு, சப்-1-சி உண்டு, சப்-1-ஏ கிடையாது. அந்தத் தொகுதியை மட்டும் எவ்வளவு கவனமாகத் தேடினாலும் வெள்ளத்தைத் தாங்கும் மரபணு அகப்பட்டிருக்காது. வயலில் மூழ்கிப் பிழைத்த நெல்லிலிருந்து தொடங்கி, அதன் ஒன்பதாவது குரோமோசோமைத் துருவியதால்தான் அகப்பட்டது.

அந்த மரபணு சேர்ந்த சி.ஆர். 1009 சப்-1 இப்போது டெல்டாவில் சம்பாவுக்குப் பரிந்துரைக்கப்படும் ரகங்களில் ஒன்று. 2018இல் 3,010 ஆசிய நெல் ரகங்களின் தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வு, அதுவரை பட்டியலில் இல்லாத பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புரத மரபணுக்களைக் கண்டதாக அறிவித்தது. ஒரு ரகத்தில் இருந்து இன்னொன்றில் இல்லாமல் போகும் மரபணுக்கள் அவற்றில் ஏராளம். செருமாவிலங்கையில் உள்ள காரைக்கால் வேளாண் கல்லூரியில் நெல் ஆய்வு செய்யும் மாணவர் இன்று நிப்பான்பாரேயோடு நிற்க வேண்டியதில்லை. அந்த மூவாயிரம் தொகுதிகளும் தேடுவதற்குத் திறந்தே கிடக்கின்றன.